டயாலிசிஸ் எடுப்பவருக்கு அக்கி வந்தால்... மாத்திரைக்கும் கிழமை உண்டு!

முதுகில் ஒரு பக்கம் மட்டும் எரிச்சல். சட்டை பட்டால்கூடச் சுள்ளென்கிறது. இரண்டு மூன்று நாளில் அதே இடம் பட்டையாகச் சிவந்து, கொத்துக்கொத்தாக நீர்க்கொப்புளங்கள் கிளம்புகின்றன. மணவாளக்குறிச்சிப் பக்கம் எந்த வீட்டிலும் இதைப் பார்த்தவுடன் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள், 'அக்கி'.

அடுத்த பேச்சு, 'எழுதினா சரியாயிரும்' என்பதுதான். மண்பாண்டம் செய்பவர்களிடம் போய், காவி மண்ணைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் எழுதிக்கொள்வது தமிழ்நாட்டில் பல ஊர்களில் உள்ள பழக்கம். காவி குளிர்ச்சியாக இருக்கும், எரிச்சல் கொஞ்சம் அடங்கும். ஆனால், நரம்புக்குள் நடப்பதை அது தொடாது. சின்ன வயதில் வந்துபோன சின்னம்மையின் வைரஸ் உடம்பைவிட்டுப் போவதில்லை. நரம்பின் வேரில் வருடக்கணக்காகத் தூங்குகிறது. வயதாகும்போதோ, எதிர்ப்புசக்தி குறையும்போதோ விழித்துக்கொண்டு, அந்த ஒரு நரம்பு போகும் வழியிலேயே தோலுக்கு வருகிறது. அதுதான் அக்கி. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கினால் பலன் அதிகம் என்பது மருத்துவம் சொல்லும் கணக்கு.

சரியான நேரத்தில், சரியான மாத்திரையையே தொடங்கி, அதனாலேயே ஆபத்தில் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. டயாலிசிஸ் எடுப்பவர்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு எதிர்ப்புசக்தி குறைவு என்பதால் அக்கி வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம்.

ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம்

மணவாளக்குறிச்சியில் 60 வயதைத் தாண்டிய ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சர்க்கரை நோயால் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி என வாரத்துக்கு மூன்று நாள் விடிவதற்குள் கிளம்பி, ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்குப் போகிறார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருப்பதால் சிகிச்சைக்குச் செலவில்லை. போக்குவரத்துச் செலவும், துணைக்கு வரும் மகனின் வேலை இழப்பும்தான் வீட்டுக் கணக்கில் ஏறுகின்றன.

ஞாயிற்றுக்கிழமை அக்கி கிளம்புகிறது. டயாலிசிஸுக்குப் போக இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்று பக்கத்தில் உள்ள ஒரு கிளினிக்கில் காட்டுகிறார்கள். கூட்டம் அதிகம். பேச்சு கொப்புளத்தைப் பற்றி மட்டுமே. சீட்டில் எழுதப்படுவது: வாலாசைக்ளோவிர் 1000 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள். சிறுநீரகம் நன்றாக இயங்கும் ஒருவருக்கு இந்தச் சீட்டில் ஓர் எழுத்துகூடப் பிசகில்லை.

திங்கள் இரவு அவர் ஏதேதோ உளறுகிறார். செவ்வாய் காலையில் எழுப்பினால் நாக்கு குழறுகிறது. கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. சுவரோரம் யாரோ நிற்பதாகச் சொல்கிறார். 'மக்களே, அப்பாவுக்கு ஆளத் தெரியமாட்டேங்கு' என்று அம்மா மகனைக் கூப்பிடுகிறார்.

வாதமாக இருக்குமோ? சர்க்கரை இறங்கிவிட்டதோ? எங்கேயோ பயந்திருப்பார் என்பார் ஒருவர். மண்டைக்காட்டம்மனுக்கு நேர்ந்துகொள்ளச் சொல்வார் இன்னொருவர். நேர்ந்துகொள்வதால் எந்தக் கெடுதலும் இல்லை. கெடுதல் அடுத்து வரும் ஒரு வார்த்தையில் இருக்கிறது: 'இந்த நெலமையில எப்படி டயாலிசிஸுக்குக் கொண்டுபோறது... இன்னைக்கு வேண்டாம்.'

அந்த நிலையில் அவருக்கு அவசரமாக வேண்டியது அந்த டயாலிசிஸ்தான்.

நல்ல மருந்துதான், போக வழியில்லை

அசைக்ளோவிர் வைரஸ் மருந்துகளில் ஒரு திருப்புமுனை. இதை உருவாக்கிய ஆய்வுக்குழுவை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியன் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானிக்கு 1988-ல் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்து கொடுக்கப்பட்டது. அவர் முனைவர் பட்டப் படிப்பை முடிக்காதவர் என்பது கூடுதல் தகவல். வைரஸ் புகுந்த செல்லுக்குள் மட்டுமே இந்த மருந்து விழித்துக்கொண்டு வேலை செய்யும், மற்ற செல்களை ஏறக்குறைய விட்டுவிடும். அதனால்தான் கோடிக்கணக்கானவர்கள் பெரிய தொந்தரவு இல்லாமல் சாப்பிட்டிருக்கிறார்கள். வாலாசைக்ளோவிர் என்பது அதன் இன்னொரு வடிவம். குடலில் நன்றாக உறிஞ்சப்பட்டு, உடம்புக்குள் போனதும் அசைக்ளோவிராக மாறிவிடும்.

இந்த மருந்து உடம்பைவிட்டு வெளியேற முக்கியமான வழி சிறுநீர்தான். நல்ல சிறுநீரகம் இருந்தால், ரத்தத்தில் இருக்கும் அசைக்ளோவிர் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும். அடுத்த மூன்று மணி நேரத்தில் அதிலும் பாதி. அதனால்தான் ஒரு நாளைக்குப் பல வேளை சாப்பிடச் சொல்கிறார்கள். சிறுநீரகம் முழுவதும் நின்றுபோனவருக்கு அதே பாதியாவதற்கு 14 முதல் 20 மணி நேரம்வரை ஆகும்.

காலையில் போட்ட மாத்திரை பாதிகூடக் கரையாத நிலையில் மத்தியானத்துடையது வந்து சேரும். அதன்மேல் ராத்திரி மாத்திரை. மறுநாள் காலையில் திரும்பவும். மடை அடைத்த வயலில் தண்ணீர் ஏறுவதைப்போல ரத்தத்தில் மருந்து ஏறிக்கொண்டே போகும். மருந்து சிதைந்து உண்டாகும் ஒரு கழிவும் கூடவே சேரும். மூளையைக் குழப்புவதில் அந்தக் கழிவுக்கும் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மாத்திரை தொடங்கி ஒன்று முதல் மூன்று நாளுக்குள் குழப்பம், தூக்கக் கலக்கம், இல்லாததைப் பார்ப்பது, கை கால் வெட்டுவது எனத் தொடங்குகிறது.

டயாலிசிஸ் எடுப்பவருக்கு அக்கிக்கான வாலாசைக்ளோவிர் அளவு, மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பின்படி, ஒரு நாளைக்கு ஒரே வேளை 500 மில்லிகிராம். மற்றவர்களுக்கு நாளொன்றுக்கு 3000. ஆறில் ஒரு பங்கு! சில சிறுநீரக மருத்துவர்கள் 500-ஐயும் யோசித்துத்தான் கொடுக்கிறார்கள்.

சுவீடன் மருத்துவர்கள் 2007-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வினோதமான ஒரு குறிப்பை எழுதினார்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்ட சில நோயாளிகள் இந்த வகை மாத்திரை சாப்பிட்ட பிறகு, 'நான் செத்துப்போய்விட்டேன்' என்று உறுதியாக நம்பத் தொடங்கியிருந்தார்கள். பேய் பிடித்ததாக ஊர் முடிவுகட்டிவிடக்கூடிய அறிகுறி இது. ஆனால், காரணம் ரத்தத்தில் தேங்கிய மருந்து. டயாலிசிஸ் கொடுத்து அதைக் குறைத்தால், பெரும்பாலும் சில நாள்களில் ஆள் பழையபடி ஆகிவிடுவார்.

மெஷின் எதை எடுக்கும், எதை விடும்?

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும். அந்த நோயாளி வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் எடுக்கிறாரே, மெஷின் அந்த மருந்தை வெளியேற்றிவிடாதா?

வெளியேற்றும். ஆனால், சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் வேலை செய்யும் உறுப்பு. மெஷினுக்கு வாய்ப்பது 12 மணி நேரம். நான்கு மணி நேர டயாலிசிஸில், நிமிடத்துக்கு 250 முதல் 300 மில்லி ரத்தம் மெஷினுக்குள் போய்வருகிறது. கூட்டிப் பார்த்தால் 60 முதல் 72 லிட்டர். உடம்பில் இருப்பதே ஏறக்குறைய 5 லிட்டர்தான் என்பதால், அதே ரத்தம் 12 தடவைக்கு மேல் சுற்றிவருகிறது. மயிரிழையைப் போன்ற ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களுக்குள் ரத்தம் ஓட, வெளியே கழுவும் திரவம் ஓடுகிறது. குழாயின் சுவரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகக் கழிவு கசிந்து வெளியேறுகிறது. அந்தத் துளைக்கு எது யூரியா, எது மருந்து என்று தெரியாது. நுழைய முடிந்ததெல்லாம் போகும்.

எதெது நுழைய முடியும் என்பதைப் புரிந்துகொள்ள மணவாளக்குறிச்சிக்காரர்களுக்கு ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது, மணல் ஆலை. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதிலிருந்துதான் இந்தக் கரையின் மணல் உலகத்துக்குத் தெரிந்தது. இன்று ஆலையில் மணலைப் பிரிப்பது வெறும் சல்லடை இல்லை. இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும். ரூட்டைல் மின்சாரத்தைக் கடத்தும், சிர்கான் கடத்தாது. ஒவ்வொரு தாதுவும் அதனதன் குணத்துக்குத் தக்கபடி தனியே விழுகிறது.

டயாலிசிஸிலும் மருந்துகள் அப்படித்தான் பிரிகின்றன. மருந்தின் துகள் சின்னதாக இருந்தால் துளை வழியே சுலபமாகப் போகும். வைரஸ் மாத்திரைகளில் பெரும்பாலானவை அந்த அளவில் சின்னவைதான். ஆனால், ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் இருக்கிறது. அதோடு ஒட்டிக்கொண்ட மருந்து துளையில் நுழையாது. எச்.ஐ.விக்குக் கொடுக்கும் டோலுடெக்ராவிர் ஏறக்குறைய 99 சதவிகிதம் புரதத்தோடு ஒட்டியே இருக்கும். மெஷின் அதை அசைப்பதில்லை. அசைக்ளோவிர் பெரும்பாலும் ஒட்டாமல் சுற்றுவது. அதனால் போகிறது.

மூன்றாவது குணம், மருந்து எங்கே தங்குகிறது என்பது. ஒரு காலத்தில் ஃப்ளூவுக்குக் கொடுத்த, இப்போது பார்கின்சன் நோய்க்குப் பயன்படும் அமான்டடைன், ரத்தத்தில் கொஞ்சமும் உடம்பின் மற்ற திசுக்களில் ஏராளமாகவும் இருக்கும். மெஷின் கழுவுவது ரத்தத்தை மட்டும்தானே? கிணற்றை இறைத்து முடித்த கொஞ்ச நேரத்தில் ஊற்று திரும்ப நிரப்புவதைப்போல, டயாலிசிஸ் முடிந்ததும் திசுக்களிலிருந்து மருந்து ரத்தத்துக்குத் திரும்பிவிடும். நான்கு மணி நேரம் கழுவியும் அமான்டடைன் 5 சதவிகிதம்கூடக் குறையாது.

ஆக, 'டயாலிசிஸ் எடுத்தா மருந்தெல்லாம் போயிரும்' என்பதும் பிழை, 'டயாலிசிஸுக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை' என்பதும் பிழை. மருந்துக்கு மருந்து கதை வேறு.

காலையிலா, வந்த பிறகா?

வாலாசைக்ளோவிரில் நான்கு மணி நேர டயாலிசிஸ் எடுப்பது, உடம்பில் இருக்கும் மருந்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு வேளை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வண்டி ஏறினால், அன்றைய மருந்தில் ஒரு பங்கை ஆஸ்பத்திரியில் கொட்டிவிட்டு வருவதாக ஆகும். அடுத்த வேளை மறுநாள்தான். அதுவரை வைரஸுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்துவிடும். அதனால்தான் டயாலிசிஸ் நாளில் மாத்திரையை முடித்துவிட்டு வந்த பிறகு போடச் சொல்கிறார்கள்.

அளவு கூடினால் மூளை குழம்பும், நேரம் தவறினால் மருந்து போதாமல் போகும். டயாலிசிஸ் எடுப்பவரின் மாத்திரை இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய வரப்பில் நடக்க வேண்டியிருக்கிறது.

ஃப்ளூ காய்ச்சலுக்கும் இதே கணக்குதான். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் சளிக்காய்ச்சல் பேச்சு வருடத்தில் பாதி நாள் இருக்கும். ஃப்ளூ என்று உறுதியானால் கொடுக்கும் ஒசெல்டாமிவிர், பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், இரண்டு வேளை, ஐந்து நாள். மொத்தம் 750. டயாலிசிஸ் எடுப்பவருக்கோ தொடக்கத்தில் ஒரு 30 மில்லிகிராம், பிறகு அந்த ஐந்து நாளுக்குள் வரும் ஒவ்வொரு டயாலிசிஸ் முடிந்ததும் ஒரு 30. கூட்டினால் 100-ஐ ஒட்டித்தான் வரும். 30 மில்லிகிராம் கேப்சூல் பொதுவாகக் குழந்தைகளுக்கு வாங்குவது. 'பெரிய ஆளுக்கு இது போதுமா?' என்று மருந்துக்கடையில் கேட்டால் தயங்க வேண்டாம், போதும். சிறுநீரகம் இருப்பவருக்குச் சில மணி நேரத்தில் போய்விடும் மருந்து, இவருக்கு அடுத்த டயாலிசிஸ்வரை உள்ளேயே நின்று வேலை செய்யும்.

வாரத்துக்கு ஒரு மாத்திரை!

ஐந்து நாள், ஏழு நாள் மாத்திரை ஒருபுறம் இருக்கட்டும். ஆண்டுக்கணக்கில் வைரஸ் மருந்து சாப்பிட வேண்டியவர்களும் டயாலிசிஸ் வரிசையில் இருக்கிறார்கள். ஹெபடைட்டிஸ் பி இருப்பவர்களுக்கு டயாலிசிஸ் யூனிட்டில் தனி மெஷின் ஒதுக்குவார்கள்.

ஹெபடைட்டிஸ் பி-க்கு மற்றவர்கள் தினமும் சாப்பிடும் என்டெகாவிர் 0.5 மில்லிகிராம் மாத்திரையை, டயாலிசிஸ் எடுப்பவர் ஏழு நாளைக்கு ஒன்று மட்டும், அதுவும் டயாலிசிஸ் முடிந்த பிறகு சாப்பிட்டால் போதும். டெனோஃபோவிர் என்ற இன்னொரு மருந்தில் ஒரு கண்ணி இருக்கிறது. டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் 300 மில்லிகிராம் என்றால் வாரத்துக்கு ஒன்று, அதாவது மொத்தம் 12 மணி நேர டயாலிசிஸ் முடிந்த கணக்குக்கு ஒன்று. டெனோஃபோவிர் அலாஃபெனமைட் 25 மில்லிகிராம் என்றால் தினமும் ஒன்று, டயாலிசிஸ் நாளில் மட்டும் முடிந்த பிறகு. முன்பெயர் ஒன்று, பின்பெயரில் வித்தியாசம். அட்டையை மாற்றிக் கொடுத்தாலும், வாங்கினாலும், வாரத்துக்கு ஒன்று என்பது தினமும் ஆகிவிடும். இந்த இரண்டையும் இவ்வளவு ஒத்த பெயரில் வைத்தது நோயாளிகளுக்குச் செய்த உதவி இல்லை.

வாரத்துக்கு ஒன்று என்றால் மறந்துபோகத்தான் செய்யும். தினமும் சாப்பிடுவது பழக்கமாகிவிடும், வாரத்துக்கு ஒன்று அப்படி ஆகாது. சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து, வண்டி ஏறுவதற்குள் போட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டால் கிழமையே ஞாபகப்படுத்தும். வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் டயாலிசிஸ் எடுப்பவர்கள் இங்கே நிறைய. அவர்களுக்கு 12 மணி நேரக் கணக்கு ஒரு வாரத்தில் முடியாது. டெனோஃபோவிரை எப்போது போடுவது என்று அவர்கள் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எச்.ஐ.வி மருந்தில் சிக்கல் வேறு விதம். 2004 ஏப்ரல் 1-ம் தேதி இந்திய அரசு இலவச ஏ.ஆர்.டி சிகிச்சையைத் தொடங்கியபோது, முதலில் தொடங்கிய இடங்களில் சென்னை தாம்பரம் அரசு மருத்துவமனையும் ஒன்று. அன்று கைநிறைய மாத்திரைகள். இன்று டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரைக்குள் வந்துவிட்டன. நோயாளிகளுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால், டயாலிசிஸ் தொடங்கியவருக்கு அந்த ஒற்றை மாத்திரை பொருந்தாது. முதலாவதை நிறுத்த வேண்டும் அல்லது வாரத்துக்கு ஒன்றாக்க வேண்டும். இரண்டாவதின் அளவைக் குறைக்க வேண்டும். மூன்றாவது மட்டும் அப்படியே இருக்கலாம். எனவே மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

அந்த மூன்றாவதுக்கும் ஒரு தொல்லை உண்டு. டயாலிசிஸ் எடுப்பவர்கள் பாஸ்பரஸைக் குறைக்கச் சாப்பாட்டோடு கால்சியம் மாத்திரை சாப்பிடுவார்கள். வெறும் வயிற்றில் கால்சியமும் டோலுடெக்ராவிரும் சேர்ந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, மருந்து ரத்தத்தில் ஏறுவது குறைந்துபோகும். இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாம். இல்லாவிட்டால் கால்சியத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு அல்லது ஆறு மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிரைப் போட வேண்டும். மெஷின் தொடாத மருந்தைக் கால்சியம் மாத்திரை குறைத்துவிடுகிறது.

ஆய்வில் சேர்க்கப்படாதவர்கள்

புது மருந்துகளைச் சோதிக்கும்போது சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அதனால் மருந்து கடைக்கு வரும்போது இவர்களுக்கு எவ்வளவு என்பதற்குப் பதில் இருக்காது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் ரெம்டெசிவிர் குப்பிக்காகச் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் மக்கள் இரவெல்லாம் காத்துக் கிடந்தது பலருக்கு மறந்திருக்காது. அந்த மருந்தின் குறிப்பு அப்போது, சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்தவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை என்றது. ரெம்டெசிவிரைக் கரைத்துவைக்கச் சேர்க்கும் ஒரு பொருள் சிறுநீரகம் வழியாகவே போக வேண்டியது, தேங்கிவிடுமோ என்ற பயம். அந்தப் பொருளை டயாலிசிஸ் எடுத்துவிடும் என்பதும், ஐந்து நாள், பத்து நாள் சிகிச்சையில் பெரிய கெடுதல் இல்லை என்பதும் பிறகு தெளிவாயின. 2023 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, டயாலிசிஸ் எடுப்பவர்களுக்கும் அளவைக் குறைக்காமலே கொடுக்கலாம் என்றது. இரண்டு வருடம் தாமதம். கோவிட் தாக்கினால் இறக்கும் ஆபத்து மிக அதிகமாக இருந்தவர்களில் டயாலிசிஸ் எடுப்பவர்களும் அடக்கம் என்பதை நினைத்தால், அவர்களை ஆய்வுக்கு வெளியே நிறுத்தியது நியாயமா என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

ஹெபடைட்டிஸ் சி-யிலும் இதுவே நடந்தது. சோஃபோஸ்புவிர் வந்தபோது சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அனுமதி இல்லை. அவர்களுக்குப் பொருத்தமான மாற்று மருந்துகள் இந்தியாவில் எளிதாகக் கிடைக்கவும் இல்லை. கைவசம் இருந்ததைக் கவனமாகக் கொடுத்துப் பார்த்த இந்தியச் சிறுநீரக மருத்துவர்கள் பலர் அந்த அனுபவத்தை ஆய்வுக் கட்டுரைகளாக எழுதினார்கள். 2019-ல் அமெரிக்காவில் மருந்தின் குறிப்பு மாறியது. அளவைக் குறைக்காமலே டயாலிசிஸ் எடுப்பவர்களுக்கும் கொடுக்கலாம் என்று ஆனது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்த மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

வீட்டிலேயே வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அதற்கான திரவப் பைகள் வீட்டுக்கே வருகின்றன. அந்த முறையில் மருந்து வெளியேறும் வேகம் மெஷினைவிட மிகக் குறைவு. அசைக்ளோவிர் தேங்கிக் குழப்பம் வந்த சம்பவங்கள் இவர்களிடமும் பதிவாகியிருக்கின்றன. ஃப்ளூவுக்கான ஒசெல்டாமிவிர் இவர்களுக்கு 30 மில்லிகிராம் ஒரே ஒரு தடவை, அவ்வளவுதான்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

இங்கே சொன்ன அளவுகளை வைத்து யாரும் தாங்களாகவே மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. ஹெபடைட்டிஸ் பி மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வைரஸ் திரும்பக் கிளம்பிக் கல்லீரலைத் தாக்கும். அளவைக் குறிக்க வேண்டியவர் டாக்டர். அவர் சரியாகக் குறிக்க, ஒரு தகவல் அவருக்குப் போய்ச்சேர வேண்டும். பல்வலிக்குப் போனாலும், கண்ணுக்குப் போனாலும், கொப்புளத்துக்குப் போனாலும் முதல் வாக்கியம், 'டயாலிசிஸ் எடுக்கிறோம், வாரத்துக்கு இத்தனை நாள், இந்தக் கிழமைகளில்' என்பதாக இருக்கட்டும். சட்டைக் கையை மடித்து, ஃபிஸ்டுலா போட்ட இடத்தைக் காட்டினாலும் போதும். மருந்துக்கடையிலும் அதையே சொல்ல வேண்டும்.

அக்கி வந்தால் டயாலிசிஸ் யூனிட்டுக்கு அன்றே போனில் சொல்லிவிடலாம். அடுத்த முறைவரை காத்திருந்தால் 72 மணி நேரத்தில் பாதி போய்விடும். கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை மற்ற நோயாளிகளிடமிருந்து தள்ளி உட்காரவைப்பார்கள், அதற்காகவும் முன்கூட்டியே சொல்வது நல்லது.

அக்கி வலிக்குக் கொடுக்கும் காபாபென்டின், ப்ரீகாபலின் மாத்திரைகளும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுபவை. அவையும் தேங்கினால் இதே தூக்கக் கலக்கம், இதே உளறல். வைரஸ் மாத்திரையும் வலி மாத்திரையும் சேர்ந்து தேங்கும்போது எது காரணம் என்றே தெரியாமல் போகும். புதிதாக எந்த மாத்திரை தொடங்கிய பிறகும் மூன்று நான்கு நாளுக்கு அவருடைய பேச்சைக் கவனியுங்கள். குழறினாலோ, ஆளை மாற்றிச் சொன்னாலோ, அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல், மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாதமா என்பதை அங்கே பார்த்துக்கொள்வார்கள். அட்டை கையில் இருந்தால் மருந்தின் பக்கமும் யோசிப்பார்கள்.

டயாலிசிஸ் நாள் தள்ளிப்போகும்போதும் சிக்கல். மாசிக்கொடை நாளில் மண்டைக்காட்டுப் பக்கம் ரோட்டில் வண்டி நகராது, மழையில் வரமுடியாது, மெஷின் பழுது என்று ஏதாவது ஒரு காரணம். டயாலிசிஸ் முடிந்து போட வேண்டிய ஒசெல்டாமிவிரை, டயாலிசிஸே நடக்காத நாளில் பழக்கத்தில் போட்டுவிடக் கூடாது. போன வேளையின் மருந்து போக வழியில்லாமல் இன்னும் உள்ளேயேதான் இருக்கும். வாலாசைக்ளோவிரைப் போலத் தினமும் போடும் மாத்திரை என்றால் யூனிட்டுக்கு போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது.

அக்கி வராமல் தடுக்க ஊசி இருக்கிறது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2023-ல் இந்தியாவுக்கு வந்த, உயிருள்ள வைரஸ் இல்லாத தடுப்பூசி. இரண்டு தவணை. டயாலிசிஸ் எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். விலைதான் இப்போதைக்குச் சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஃப்ளூ ஊசி வருடத்துக்கு ஒன்று, அவ்வளவு விலை இல்லை. ஹெபடைட்டிஸ் பி ஊசி டயாலிசிஸ் எடுப்பவர்களுக்கு வழக்கமான அளவைப்போல இரண்டு மடங்கு, பெரும்பாலும் நான்கு தவணை. நான்கையும் முடித்தாயிற்றா என்பதை, அடுத்த செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் நோட்டில் ஒருமுறை பார்த்துவிடலாம்.